‘ஜுண்ட்’: கும்பலை டீமாக்கிய வாத்தியார்

கேள்வி: பள்ளிக் கால்பந்து அணிக்குப் பொறுப்பாக இருக்கிறேன். எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள். அவர்களுக்குப் போட்டுக் காட்ட, ஒரு கோச்சைப் பற்றிய நல்ல இந்திப் படம் வேண்டும். ‘ஜுண்ட்’ பார்க்கச் சொல்கிறார்கள். கிட்டத்தட்ட மூன்று மணி நேரமாம். பிள்ளைகள் தாங்குவார்களா? வேறு ஏதும் உண்டா?

தாங்குவார்கள். ஒரே மூச்சில் மட்டும் போடாதீர்கள். இரண்டு நாளாகப் பிரித்துப் போடுங்கள். எங்கே நிறுத்துவது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், இந்தப் படம் ஏன் உங்கள் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருடமாகக் காலையில் கிரவுண்டுக்குப் போய் விசில் ஊதுகிறவன் நான். கோச் வேலை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்தப் படத்தைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

‘ஜுண்ட்’ 2022 மார்ச்சில் வந்தது. இயக்கியவர் நாக்ராஜ் மஞ்சுளே. மராத்தியில் ‘ஃபன்ட்ரி’, ‘சைராட்’ எடுத்தவர். இதுதான் அவருடைய முதல் இந்திப் படம். அமிதாப் பச்சன் விஜய் போராடே என்ற விளையாட்டு ஆசிரியராக வருகிறார். வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயது. அவர் வேலை பார்ப்பது பள்ளியில் அல்ல, நாக்பூரில் ஒரு கல்லூரியில். ஆனால் அவர் கையில் சிக்குகிற பிள்ளைகள் உங்கள் பிள்ளைகளின் வயதுதான், கொஞ்சம் கூடக்குறைய. கல்லூரிக்கும் அதை ஒட்டிய குடிசைப்பகுதிக்கும் நடுவில் ஒரு சுவர். சுவரைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியே வைத்திருக்கிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று கிரவுண்டு. அந்தப் பக்கம் கூட்ஸ் ரயிலில் நிலக்கரி திருடி விற்றுச் சாப்பிடுகிற பையன்கள்.

ஒரு மழை நாள். அந்தப் பையன்கள் சேற்றில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை உதைத்துக்கொண்டிருக்கிறார்கள். விஜய் நின்று பார்க்கிறார். அந்தப் பார்வையை நான் நம்பினேன். நம் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அப்படி ஒரு தடவையாவது நின்றிருப்போம். பஸ் ஸ்டாப்பிலோ, கோயில் திடலிலோ, ஒரு பையன் எதையோ உதைப்பான். உடம்பை அவன் திருப்புகிற விதத்தைப் பார்த்ததும் நம் கால் தானாக நின்றுவிடும். விஜய் மறுபடி வரும்போது கையில் நிஜப் பந்து இருக்கிறது. அரை மணி நேரம் ஆடினால் 500 ரூபாய் தருகிறேன் என்கிறார்.

இந்த இடத்தில் உங்கள் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். காசுக்காக வந்து ஆடுகிறார்கள், வாங்கிக்கொண்டு போகிறார்கள். அடுத்த நாளும் வருகிறார்கள். இப்படியே சில நாள் போகிறது. அப்புறம் ஒரு நாள் காசு இல்லை என்று விஜய் சொல்லிவிடுகிறார். பையன்கள் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள், போவதுபோல் போகிறார்கள். ஆனால் பந்து அங்கேயே கிடக்கிறது. காசில்லாமலே ஆட ஆரம்பிக்கிறார்கள். அறிவுரையாக ஒரு வார்த்தை கிடையாது. பந்தைக் கொடுத்தார், நேரத்தைக் கொடுத்தார், தினமும் வந்தார். விஜய் செய்தது இவ்வளவுதான். அதில் மூன்றாவதுதான் கஷ்டம். புதிதாக வேலைக்கு வரும் பி.இ.டி. ஆசிரியர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். முதல் மாதம் ஒன்றும் கற்றுக்கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் வருவீர்கள் என்ற நம்பிக்கை பிள்ளைகளுக்கு வரட்டும்.

தலைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜுண்ட் என்றால் கும்பல், மந்தை. விலங்குக் கூட்டத்துக்கும் அதே சொல்தான். படத்தின் முதல் டீசரிலேயே விஜய் அதை மறுத்துப் பேசுவார்: கும்பல் என்று சொல்லாதீர்கள் சார், டீம் என்று சொல்லுங்கள். மொத்தப் படமும் அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் நடக்கிறது. கும்பலுக்கும் டீமுக்கும் என்ன வித்தியாசம் என்று உங்கள் பிள்ளைகளிடம் படத்துக்கு முன்னால் ஒரு தடவை கேளுங்கள், முடிந்த பிறகும் கேளுங்கள். என் பிள்ளைகள் முதலில் ஜெர்சி என்றார்கள். முடிந்த பிறகு, எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், ‘பேர் சார்’ என்றான். என்னடா பேர் என்று கேட்டேன். ‘டீம்ல இருந்தா பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க’ என்றான். எனக்கே அது தோன்றவில்லை.

அவன் சொன்னதற்குப் படத்திலேயே காட்சி இருக்கிறது. விஜய் பையன்களைத் தன் வீட்டுக்கு அழைத்து உட்காரவைத்து, ஒவ்வொருவராகத் தங்களைப் பற்றிச் சொல்லச் சொல்கிறார். யாரும் இதுவரை அவர்களிடம் அப்படிக் கேட்டதில்லை. முதலில் வெட்கம், கிண்டல், ஒருத்தனை ஒருத்தன் இடிக்கிறான். பிறகு பேச ஆரம்பிக்கிறார்கள். கேமரா அவசரப்படாமல் காத்திருக்கிறது. நடித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் நாக்பூரிலிருந்தே வந்த புதுமுகங்கள். டான் என்று கூப்பிடப்படும் முக்கியப் பையனாக வரும் அங்குஷ் கெடாமுக்கும் அதுதான் முதல் படம். அதனால் பேச்சில் சினிமா வாடையே இல்லை. அமிதாப் இந்தக் காட்சியில் அதிகம் செய்வதில்லை, கேட்கிறார். அவ்வளவு பெரிய நடிகர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதே நமக்கு ஒரு பாடம்தான்.

அப்புறம் கல்லூரி அணியோடு ஆட்டம். சுவருக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் பூட்ஸ், ஜெர்சி, பயிற்சி எல்லாம் இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் கால் மட்டும். ஆட்டத்தின் முடிவை இங்கே சொல்லவில்லை. அன்றைக்குப் படத்தை அந்த ஆட்டத்தோடு நிறுத்துங்கள். பிள்ளைகள் உற்சாகமாக வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் கூட்டிவந்து உட்காரவைத்தால், படம் வேறு எங்கோ போகும்.

எனக்குப் பிடித்தது அந்த மறுநாள் பாதிதான். பலருக்கு அது பிடிக்கவில்லை, நீளமாகப் போகிறது, சிதறிப்போகிறது என்றார்கள். நீளம் உண்மைதான், இருபது நிமிடம் குறைத்திருக்கலாம். விஜய்யை அப்பழுக்கே இல்லாத மனிதராகக் காட்டியதும் எனக்குக் குறையாகப் பட்டது. தினமும் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிற மனிதருக்கு ஒரு நாளாவது எரிச்சல் வராதா? வீட்டில் மனைவி ஒரு வார்த்தை கடிந்து சொல்லமாட்டாரா? ஆனாலும் கோச் வேலையின் நிஜமான பாதி இந்த இரண்டாம் பகுதியில்தான் இருக்கிறது. அந்தப் பாதியில் பெரும்பாலும் பந்தே கிடையாது.

வெளிநாட்டில் நடக்கும் போட்டிக்கு அணி போக வேண்டும். போக பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட் வாங்க, தான் யார் என்பதற்குக் காகிதம் வேண்டும். ரிங்கு ராஜ்குரு நடித்த மோனிகா என்ற பழங்குடிப் பெண்ணும் அவளுடைய அப்பாவும் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு அலைகிறார்கள். இந்தக் காகிதம் வேண்டுமென்றால் அந்தக் காகிதம் கொண்டுவா, அது வேண்டுமென்றால் இது கொண்டுவா. அந்த அப்பா கடைசிவரை குரலை உயர்த்துவதே இல்லை. டானுக்கு வேறு சிக்கல்: அவன் மேல் போலீஸ் கேஸ் இருக்கிறது. விஜய் நீதிமன்றத்தில் போய் நின்று அவனுக்காகப் பேசுகிறார். ‘பாரத்’ என்றால் என்ன என்று கேட்கிற ஒரு சின்னப் பையனும் படத்தில் உண்டு. நாட்டுக்காக ஆடப்போகிறோம் என்று பேசிக்கொண்டிருக்கும் உலகத்தில், நாடு என்ற சொல்லே போய்ச் சேராத பிள்ளை. அந்தக் கேள்விக்கு என் வகுப்பறையில் யாரும் சிரிக்கவில்லை.

இது ஏன் என்னை இவ்வளவு உலுக்கியது என்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் என் அணியில் ஒரு பையன் இருந்தான், லெஃப்ட் விங்கில் ஆடுவான். அவன் ஓடினால் மற்றவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனபோது பிறப்புச் சான்றிதழில் ஓர் இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல். அப்பா விட்டுப் போய்விட்ட குடும்பம். ஒன்றில் அப்பா பெயர், மற்றதில் தாத்தா பெயர். திருத்த மூன்று முறை அலைந்தோம். அவன் அம்மா மூன்று நாள் கூலியை விட்டார். திருத்தம் வந்து சேர்ந்தபோது போட்டி முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது. அந்த ஆட்டங்களை அவன் சைடு லைனில் தண்ணீர் பாட்டிலோடு நின்று பார்த்தான். அன்றிலிருந்து ஜூன் மாதம் அணியில் சேருகிற ஒவ்வொரு பிள்ளையின் காகிதத்தையும் முதல் வாரமே வாங்கி, எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்துவிடுகிறேன். கோன் அடுக்குவதற்கு முன்னால் அதுதான் என் வேலை. நீங்களும் இதை மட்டும் செய்துவிடுங்கள்.

படத்தின் கதை காற்றில் பிறந்ததல்ல. விஜய் பார்ஸே என்ற மனிதர் நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். 2001இல் மழையில் குடிசைப் பிள்ளைகள் உடைந்த பக்கெட்டை உதைத்து ஆடுவதைப் பார்த்தார். அவர்களுக்குப் பந்து கொடுத்தார். அடுத்த வருடமே நாக்பூர் குடிசைப்பகுதிகளுக்கென்று அவர் நடத்திய போட்டிக்கு 128 அணிகள் வந்தன. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், அதுவரை யார் கண்ணிலும் படாமல் ஒரே ஊரில் இருந்த அணிகள் அத்தனை. அந்த முயற்சி முதலில் ‘ஜோபட்பட்டி ஃபுட்பால்’, அதாவது குடிசைப்பகுதிக் கால்பந்து, என்று அழைக்கப்பட்டது, பிறகு ‘ஸ்லம் சாக்கர்’ அமைப்பாக வளர்ந்தது. ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் பிள்ளைகள் ஆடுவதற்கு நிலம் வாங்கினார். அமெரிக்காவில் இருந்த மகன் திரும்பி வந்து கைகொடுத்தார். 2014இல் ஆமிர் கானின் ‘சத்யமேவ ஜெயதே’ நிகழ்ச்சியில் பார்ஸே வந்தபோதுதான் நாடு முழுக்கத் தெரிந்தது. 2016இல் ஃபிஃபாவின் பன்முகத்தன்மை விருது அந்த அமைப்புக்குக் கிடைத்தது.

அவர்கள் போகிற போட்டியைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், ரொம்பவே பிடிக்கும். வீடற்றோர் உலகக் கோப்பை. 2003இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் முதல் முறை நடந்தது. ஒரு அணிக்குக் களத்தில் நான்கு பேர்தான், அதில் ஒருவர் கோல் கீப்பர். களம் 22 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம், சுற்றி அடைப்பு. பந்து அடைப்பில் மோதித் திரும்பி வரும், ஆட்டம் நிற்காது. ஏழு நிமிடம், ஏழு நிமிடமாக இரண்டு பாதி. இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. ஒருவர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் இந்தக் கோப்பையில் ஆட முடியும். எவ்வளவு நன்றாக ஆடினாலும் அடுத்த வருடம் அந்த இடம் வேறொருவருக்கு. அந்த விதியைக் கேட்டதும் என் கேப்டன் ‘அநியாயம் சார்’ என்றான். பெஞ்சில் உட்கார்கிற பையன்களில் ஒருவன், ‘எங்களுக்கு நியாயம்தான்’ என்றான். அந்தப் பேச்சு அரை மணி நேரம் ஓடியது. நான் நடுவில் வாயே திறக்கவில்லை.

படத்தில் ஒரு அம்பேத்கர் ஜெயந்திக் கொண்டாட்டம் வருகிறது. அம்பேத்கரின் பெரிய உருவப்படத்துக்கு முன்னால் விஜய் கும்பிட்டு நிற்கிறார். அஜய்-அதுல் இசையில் ஊரே ஆடுகிறது. இந்தி வணிகப் படத்தில் அமிதாப் போன்ற ஒருவர் அந்த உருவப்படத்துக்கு முன் நிற்பதைப் பார்ப்பது அரிது. அதைச் சட்டென்று தாண்டிவிடாதீர்கள். சுவரை யார் கட்டினார்கள், சுவருக்கு அந்தப் பக்கம் எந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை மஞ்சுளே வசனமாகச் சொல்லாமல் இந்தக் காட்சியில் சொல்கிறார்.

விமான நிலையத்தில் டான் மெட்டல் டிடெக்டரைக் கடக்கும் காட்சியைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். பீப் சத்தம் வரும்போது உங்கள் வகுப்பறையில் யாராவது மூச்சு விடுகிறார்களா என்று மட்டும் பாருங்கள். கோப்பையைத் தூக்குகிற கடைசிக் காட்சி இந்தப் படத்தில் கிடையாது. ‘ஜெயிச்சாங்களா சார்?’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்த விமானத்தில் ஏறியதுதான் ஜெயிப்பு என்று நான் சொன்னேன்.

இன்னொன்றையும் மறைக்க எனக்கு மனமில்லை. அந்தப் படத்தில் நடித்த நாக்பூர்ப் பையன்களில் ஒருவர் 2025இல் அதே ஊரில் கொலையுண்டார். செய்தியைப் படித்த அன்று வேலை ஓடவில்லை. ஒரு படத்தில் நடித்துவிட்டால் சுவர் விழுந்துவிடாது. கேமரா போன பிறகும் யாராவது தினமும் அங்கே போய் நிற்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகளிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மட்டும் சொன்னேன்.

போடுவதற்கு முன்னால் நீங்கள் தனியாக ஒரு முறை முழுதாகப் பார்த்துவிடுங்கள். போதைப் பழக்கம், கெட்ட வார்த்தை, அடிதடி எல்லாம் வருகிறது. மறைக்கவும் வேண்டாம், அப்படியே போட்டுவிட்டு நகரவும் வேண்டாம். நிறுத்திப் பேச வேண்டிய இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சப்டைட்டில் படிக்கத் திணறுகிற பிள்ளைகள் இருந்தால், சுருக்கமாக வாயால் சொல்லிக்கொண்டே போகலாம். நான் அப்படித்தான் செய்தேன். பாதிப் படத்துக்கு மேல் யாரும் என் குரலைக் கேட்கவில்லை, முகங்களே போதுமாக இருந்தன.

சரி, இரண்டாவது படம் கேட்டீர்கள். ‘மைதான்’. 2024இல் வந்தது, அமித் சர்மா இயக்கம், அஜய் தேவ்கன் நடிப்பு, ஏ. ஆர். ரஹ்மான் இசை. இதுவும் மூன்று மணி நேரம். சையத் அப்துல் ரஹீம் என்ற இந்திய அணிக் கோச்சின் கதை. ஹைதராபாத்காரர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். அதனால்தான் ஆட்டக்காரர்கள் அவரிடம் வகுப்பில் இருப்பதுபோல் நடந்துகொண்டார்கள் என்று எனக்குத் தோன்றும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றோம், பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். 1956 மெல்போர்னில் நான்காம் இடம். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம். நுரையீரல் புற்றுநோயோடு அந்த அணியை நடத்திய ரஹீம் அடுத்த ஜூனில் இறந்துபோனார். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் வாங்கியதே இல்லை.

உணர்ச்சிக்கு ‘ஜுண்ட்’ என்றால், ஆட்டம் பழக ‘மைதான்’. ஜகார்த்தாவில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த டிஃபெண்டர் (தடுப்பாட்டக்காரர்) ஜர்னைல் சிங்கை ரஹீம் கோல் அடிக்கிற ஃபார்வர்டாக ஏற்றினார். இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவுக்கு எதிரான இரண்டு கோலில் ஒன்று அவருடையது, இன்னொன்று பி. கே. பானர்ஜியுடையது. 2-1. அந்த ஆட்டத்தில் கோல் போஸ்டில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். ஊட்டிக்குப் பக்கத்தில் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணிக்காக ஆடி வளர்ந்தவர். உங்கள் கோல் கீப்பரிடம் அவர் பெயரைச் சொல்லுங்கள். என் கோல் கீப்பர் நோட்டு அட்டையில் எழுதிக்கொண்டான்.

படத்தைப் போட்ட மறுநாள் காலை கிரவுண்டில் ஒன்று செய்து பாருங்கள். ரஹீம் ஹைதராபாத்தில் பிள்ளைகளுக்கு டிரிப்ளிங் (பந்தை யாருக்கும் தராமல் தானே உருட்டிக்கொண்டு போவது) கூடாது என்று ஒரு போட்டியும், பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று ஒரு போட்டியும் நடத்தியிருக்கிறார். முதலாவது பாஸ் கொடுக்கப் பழக்கும், இரண்டாவது சோம்பேறிக் காலை எழுப்பும். இருபது நிமிடம், இடது காலால் மட்டும் ஆட வையுங்கள். இடது கால் பழக்கம் உள்ளவன் வலது காலால். உங்கள் அணியின் சூரன் தடுமாறுவான், இத்தனை நாள் ஓரத்தில் நின்ற பிள்ளை ஒன்று திடீரென்று பந்தோடு ஓடும். அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.